புறப்பட்ட நேரம், வந்த நேரம்

எண் 1
பிப்ரவரி 3, காலை 10.20

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம். குறிப்பிடும்படியான தாமதம் எதுவும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் குடியிருப்பில் செல்போன் கூடாது, ரேடியோ கூடாது, மைக்ரோவேவ் அடுப்பு கூடாது. எல்லாம் உங்கள் ரேடியோ தொலைநோக்கியின் காதில் இரைச்சலாக விழுமாம். அதனால் கடிதம். எனக்கும் அதுதான் வசதி. போனில் நீ குறுக்கே பேசுவாய். இனி ஒவ்வொரு கடிதத்துக்கும் எண்ணும் எழுதிய நேரமும் போடுவோம். முப்பத்தோரு வருடம் ரயில்வேயில் நேர அட்டவணை போட்டேன். வண்டிகள் அதை மதிக்கவில்லை. தபாலாவது மதிக்கட்டும்.

விஷயம் இது. ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்தில் ஜூன் பதினான்காம் தேதி எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு, 'ஒளியின் வேகம் மாறாததா? ஒரு மறுபரிசீலனை.' என் வாதம் உனக்குத் தெரியும். இருந்தாலும் தெரியாதவளுக்கு எழுதுவதுபோல் எழுதிப் பழகிக்கொள்கிறேன். ஓடும் ரயிலிலிருந்து முன்பக்கமாகப் பந்தை எறிந்தால் பந்தின் வேகத்தோடு ரயிலின் வேகமும் சேரும். பின்பக்கமாக எறிந்தால் கழியும். ஒளிக்கு மட்டும் ஏன் சலுகை? நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி வேகமாகவும் விலகிப் போகும் நட்சத்திரத்தின் ஒளி மெதுவாகவும் வரத்தான் வேண்டும். புத்தகங்கள் இல்லை என்கின்றன. எங்கள் அட்டவணையும் புத்தகமாகத்தான் அச்சானது.

நீங்கள் நேரம் பார்க்கும் துடிக்கும் நட்சத்திரங்களில், இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றி வருகிற ஒன்றைத் தேர்ந்தெடு. அதன் துடிப்புகள் வந்து சேர்ந்த நேரப் பட்டியல் எனக்கு வேண்டும். பதினோரு வருட உழைப்பு அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்

அண்ணி எழுதறது: உறை மேல முகவரி நான்தான் எழுதியிருக்கேன், வழக்கம்போல. உன் அண்ணன் எழுத்தைத் தபால்காரர் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவருக்கும் ஓய்வு வந்துடும். இந்தப் பேச்சோட நிறுத்திக்கறேன்னு எனக்கு வாக்கு கொடுத்திருக்கார். சரியோ தப்போ, நீ முடிவா ஒரு பதில் சொல்லிடு. பதினோரு வருஷமா சாப்பாட்டு மேசையில எனக்கு எதிரே ஒரு நோட்டுதான் உட்கார்ந்திருக்கு.

*

எண் 1
பிப்ரவரி 16, மதியம் 2.05

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

படிக்கட்டு இல்லாத இடங்களில் முழங்கால் நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் சௌகரியம் என்று அறிந்து மகிழ்ச்சி. உங்கள் கடிதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. மீதித் தாமதம் என்னுடையது. தபாலைக் குறை சொல்ல வேண்டாம்.

அண்ணிக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துடிக்கும் நட்சத்திரம் என்பது செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் கரு. கலங்கரை விளக்கம்போலச் சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு இங்கே வந்து சேரும். எப்போது வர வேண்டும் என்று கணக்கு சொல்லும். எப்போது வந்தது என்று கருவி சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது என் வேலை. ஜன்னல் இல்லாத அறையில் இருபத்தாறு வருடமாகக் கழிக்கிறேன். மிச்சம் பூஜ்யமாக இருக்கும்வரை என்னை யாரும் தேட மாட்டார்கள். மிச்சம் ஏறி இறங்கத் தொடங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த நட்சத்திரத்தைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் இயக்குநர் வாசலில் நின்று, "எத்தனை நாள் பார்த்தீங்க?" என்பார். இரண்டு நாள் என்றால் கருவியில் கோளாறு என்று போய்விடுவார். இரண்டு மாதம் என்றால்தான் உள்ளே வந்து உட்காருவார்.

பட்டியலுக்கு அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பொதுமக்கள் அனுப்பும் கோட்பாடுகளுக்கு இங்கே ஒரு டிராயர் இருக்கிறது. போன வாரம் மூன்றாவது டிராயர் திறந்தோம். உங்களுடையதை அதில் போடாமல் என் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். பட்டியல் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 2

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஒளி / ஈர்ப்பு / காலம் / பிரபஞ்சத் தோற்றம் (பொருந்தாததை அடித்துவிடவும்) குறித்த தங்கள் கோட்பாடு கிடைக்கப்பெற்றது. அது கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. தற்சமயம் எமது ஆய்வுத் திட்டங்களில் அதற்கு இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். அறிவியலில் தங்கள் ஆர்வம் மேன்மேலும் வளர வாழ்த்துகள்.

ஒப்பம்,
நேரக் கணிப்புப் பிரிவு

*

எண் 2
மார்ச் 9, காலை 9.15

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம். தாமதம் இல்லை.

உன் இயக்குநருக்கும் ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன், வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று. பதில் வந்தது. கீழே உன் கையெழுத்து இருக்கிறது. சிறுவயதில் என் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்ததும் நீதான். அப்போது எனக்காகப் போட்டாய்.

பொருந்தாததைக்கூட நீ அடிக்கவில்லை. ஆகவே நான் ஐயாவா அம்மையீரா என்பதும், என் பொருள் ஒளியா பிரபஞ்சத் தோற்றமா என்பதும் பரிசீலனையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணிக்கு இருபத்துநான்காம் தேதி கண்புரை ஆபரேஷன். வலது கண். காலையில் போய் மதியம் வந்துவிடலாமாம். இது தகவலுக்கு மட்டும்.

அண்ணன்

அண்ணி எழுதறது: கோபத்துல மூணு நாளா பேசலை. எனக்கு வித்தியாசமே தெரியலை. அந்த அச்சடிச்ச காகிதத்தைப் பார்த்து ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன். ஆனா பாவம், அதை மடிச்சுத் தலையணைக்கு அடியில வெச்சிருக்கார். பட்டியலை அனுப்பிடேன்.

*

எண் 2
மார்ச் 20, மாலை 4.30 (பார்சலுடன்)

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

அண்ணிக்குக் கண் நல்லபடியாக ஆக வேண்டும். இரண்டு வாரம் குனியக் கூடாது என்பார்கள். அண்ணா, தரையில் விழுவதையெல்லாம் நீங்கள் எடுங்கள்.

அந்தக் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நாற்பது காகிதங்களை ஒரு கட்டாகக் கட்டி என் முன்னால் வைப்பார்கள். மேல் முகவரியைப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போடுவேன். நாற்பதில் ஒருவர் என் அண்ணன் என்று தெரியாது. மற்ற முப்பத்தொன்பது பேரும் யாருக்கோ அண்ணன்தான் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

அனுமதி கிடைத்துவிட்டது. நொடிக்குப் பதினேழு முறை துடிக்கும் ஒரு நட்சத்திரத்தின் நேரப் பட்டியல் இத்துடன் இருக்கிறது, முந்நூற்று இருபது பக்கம். அது நான்கு நாளுக்கு ஒருமுறை தன் துணையைச் சுற்றுகிறது. வேகம் நொடிக்கு நூறு கிலோமீட்டர், அதாவது ஒளியின் வேகத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அங்கிருந்து ஒளி இங்கே வர மூவாயிரம் வருடம் ஆகும். உங்கள் விதிப்படி, நம்மை நோக்கி வரும்போது விட்ட துடிப்பு ஒரு வருடம் முன்னதாக வரும். விலகிப் போகும்போது விட்டது ஒரு வருடம் பின்தங்கும். இந்த வாரம் கிளம்பியது, போன வருடம் கிளம்பியதைத் தாண்டிக்கொண்டு போகும். இங்கே வந்து சேருவது துடிப்பாக இருக்காது, சந்தை இரைச்சலாக இருக்கும்.

நீங்கள் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றுகூட வரிசை தப்பவில்லை.

மெதுவாகப் படியுங்கள். அவசரமில்லை.

தங்கை

*

எண் 3
ஏப்ரல் 9, காலை 11.50

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம். தாமதம் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பட்டியலைப் பார்த்தேன். நீ சொன்னது சரி, வரிசை தப்பவில்லை. ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதே. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பது வெற்றிடம் இல்லை. மெல்லிய வாயு இருக்கிறது. ஒளி அதில் பட்டு, விழுங்கப்பட்டு, மறுபடி வெளியே வருகிறது. அப்படி வரும்போது, கிளம்பிய இடத்தின் வேகத்தை அது மறந்துவிடும். எந்த எக்ஸ்பிரஸும் முதல் பெரிய ஜங்ஷனில் இன்ஜின் மாற்றினால், அதற்குப் பின் புது இன்ஜின் வேகம்தான். ஆகவே உன் துடிப்புகள் ஒழுங்காக வருவது என் கோட்பாட்டை மறுக்கவில்லை; வழியில் ஜங்ஷன் இருந்தது என்று மட்டுமே காட்டுகிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஜங்ஷனில் நிற்காத வண்டி ஏதாவது இருந்தால் சொல்.

இங்கே குழாயில் தண்ணீர் சூடாக வருகிறது. சட்டைப் பொத்தான் தைக்கும் ஊசி எந்த அளவு என்று கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அண்ணன்

*

எண் 3
ஏப்ரல் 24, காலை 10.00

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். அண்ணி, கண் எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்துப் பல நாள் ஆகியிருக்குமே. இரண்டு வரி எழுதுங்கள்.

அண்ணா, உங்கள் கடிதம் வந்து சேரப் பதினொரு நாள் ஆனது. தபாலில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

உங்கள் வாயு வாதம் நல்ல வாதம். இயக்குநரிடம் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். "உங்க அண்ணன் என்னவா இருந்தார்?" என்று கேட்டார். ரயில்வே என்றேன். "அதான் ஜங்ஷனை மறக்கலை" என்றார்.

ஜங்ஷனில் நிற்காத வண்டி இருக்கிறது. எக்ஸ் கதிர். ரேடியோ அலையும் எக்ஸ் கதிரும் ஒளியின் குடும்பம்தான், வெற்றிடத்தில் வேகமும் ஒன்றுதான். ஆனால் எக்ஸ் கதிர் அந்த மெல்லிய வாயுவைக் கண்டுகொள்ளாமல் வந்துவிடும். எக்ஸ் கதிரில் துடிக்கும் நட்சத்திரங்களும் துணையைச் சுற்றுகின்றன. செயற்கைக்கோள் பிரிவில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு நட்சத்திரத்தின் பட்டியலை அவரிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் விதிப்படி அதில் பத்து வருடக் குழப்பம் இருக்க வேண்டும்.

அது வந்தபின் நாம் இரண்டு பேரும் வேறு ஜங்ஷன் தேடக் கூடாது. சம்மதமா?

தங்கை

*

எண் 4
மே 7, நேரம் குறிக்கவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம்.

சம்மதம்.

ஒரே ஒரு துடிப்பாவது இன்னொன்றைத் தாண்டி வந்திருக்கிறதா என்று பார். ஒன்று போதும். இதில் ஏதாவது உண்மை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

அண்ணன்

*

எண் 4
மே 22, காலை 8.40

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்த முறை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பட்டியல். நான்கு வருட எக்ஸ் கதிர்த் துடிப்புகளைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட ஒன்றைத் தாண்டவில்லை. எங்களுக்குத் தெரிந்த அளவில், நட்சத்திரம் எந்த வேகத்தில் ஓடினாலும் ஒளி அதைப் பொருட்படுத்தவில்லை. உங்களுக்கு ஒரு துடிப்பைத் திருடித் தர முடியுமானால் தந்திருப்பேன். முடியவில்லை.

இரண்டாவது, தபால். நீங்கள் நேரம் போடச் சொன்னீர்கள், போட்டேன். பழக்கதோஷத்தால் கழித்தும் பார்த்தேன். உங்கள் எண் 1 மூன்று நாள். எண் 2 மூன்று நாள். எண் 3 பதினொன்று. எண் 4 பதின்மூன்று. கடைசி உறை பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து யாரோ நல்லவர் பென்சிலில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பி வந்திருக்கிறது. தபாலில் கோளாறு என்று எழுதியது என் தவறு. முகவரி உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

கண்ணில் கட்டு இருந்தபோது அண்ணியால் எழுத முடிந்திருக்காது, சரி. கட்டு மிஞ்சிப்போனால் ஒரு வாரம். இப்போது எட்டரை வாரம். ஒரு உறை மாறினால் கருவியில் கோளாறு என்று விட்டிருப்பேன்.

பொத்தான் ஊசியை நீங்கள் ஏன் தேடினீர்கள் என்றும் யோசித்தேன்.

உங்களைக் கேள்வி கேட்கவில்லை. கழித்துப் பார்த்தால் வருவதைச் சொன்னேன்.

தங்கை

*

எண் 5
ஜூன் 2, காலை 10.20

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு ஒருவர் நலம்.

இந்த உறையில் முகவரி எழுதித் தந்தது தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருக்கும் பெண். நான் எழுதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எந்த மொழி?" என்று கேட்டாள்.

மார்ச் இருபத்துநான்கு. உன் அண்ணியைக் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் விட்டேன். பன்னிரண்டு மணிக்கு அனுப்பிவிடுவார்கள், வந்து அழைத்துப் போகிறேன் என்றேன். கறுப்புக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டோம் என்று எடுக்க வந்தேன். வாசலில் உன் பார்சல் இருந்தது. முதல் பக்கத்தை மட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். தலை நிமிர்ந்தபோது மூன்று முப்பத்தைந்து.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் அங்கே இல்லை. ஒரு கண்ணில் கட்டோடு, புரை இருக்கிற மற்றக் கண்ணோடு, நடைவழிப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். நர்ஸ் சொன்னாள். ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று இரண்டு முறை கேட்டாளாம். வேண்டாம் என்றிருக்கிறாள். "அவர் ரயில்வேயில நேர அட்டவணை போட்டவர். சொன்ன நேரத்துக்கு வந்துடுவார்." கடைசியில் நர்ஸ்தான் மகளுக்குப் போன் செய்திருக்கிறாள்.

மகள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் உன் அண்ணி கேட்டது இவ்வளவுதான்.

"எத்தனை மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க?"

"பன்னிரண்டு."

"இப்ப மணி என்ன?"

"நாலே கால்."

"சரி, போயிட்டு வாங்க."

போனேன். திரும்ப வருவது எப்படி என்று தெரியவில்லை. ஒளியில் உண்மையாகவே ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தேன். அதையும் நீ கழித்துவிட்டாய். உன்மேல் தவறில்லை.

சங்கத்துக்கு எழுதிப் பேச்சை ரத்து செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அண்ணன்

*

எண் 5
ஜூன் 6, காலை 9.00

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்றாம் நாள் வந்தது. அந்தக் கவுண்ட்டர் பெண்ணுக்கு என் நன்றி.

'அவசரமில்லை' என்று நான் எழுதிய பார்சல் அது. இருபத்துமூன்றாம் தேதியோ இருபத்தைந்தாம் தேதியோ வந்திருக்கலாம். இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

பேச்சை ரத்து செய்யாதீர்கள். இங்கே மூன்று டிராயர் நிறையக் கோட்பாடு இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் 'நான் பார்த்தேன், நான் சொன்னது தவறு' என்று ஒரு கடிதம்கூட வந்ததில்லை. வந்தால் என்ன பதில் போடுவது என்று எங்களிடம் அச்சடித்த காகிதமே இல்லை. நீங்கள் அண்ணிக்குக் கொடுத்த வாக்கு, இந்தப் பேச்சோடு நிறுத்துவது. பேசாமல் எப்படி நிறுத்துவீர்கள்?

பேசுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

தங்கை

*

எண் 6
ஜூலை 8, மாலை 4.50

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம். ஆனால் 'இங்கு' என்பது நம் வீடு அல்ல, மகள் வீடு. இதை அவளுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முழங்கால் பற்றி நீ எழுதி ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகிறது. அதை நான் கேட்காததும் அப்படியே.

பேச்சு முடிந்தது. வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் டீக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கவில்லை. பலகையில் இரண்டு கோடு போட்டேன். ஒன்று, என் விதிப்படி துடிப்புகள் வந்திருக்க வேண்டிய விதம்; குழந்தை கிறுக்கியதுபோல் இருந்தது. இன்னொன்று, அவை வந்த விதம். அலைபோல அழகாக இருந்தது. "பதினோரு வருடம் முதல் கோட்டை நம்பினேன். இரண்டாவதுதான் உண்மை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நிமிடம் ஆனது. தலைவர் பாலங்கள் கட்டியவர். "நாற்பது நிமிஷம் கொடுத்தோமே ஐயா, மிச்சத்தை என்ன பண்றது?" என்று வருத்தப்பட்டார். மின்வாரியத்தில் இருந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டு, பூமி சுழலவில்லை என்று நிரூபித்தார். அவர் உங்களுக்கு எழுதக்கூடும். நான்காவது டிராயர் தயாராக இருக்கட்டும்.

மூன்று நாள் யோசித்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி இல்லாமல்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"தப்புன்னு யார் சொன்னது?"

"நானே சொன்னேன்."

ஒரு பக்கம் புரட்டினாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

நாலு என்றேன். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வருகிறேன், ஐந்து மணிக்குப் போகிறேன். வேறு பேச்சு அதிகம் இல்லை. நோட்டை எடுத்து வருவதில்லை. இன்று உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றேன். இங்கேயே எழுதுங்கள், உறையை நான் எழுதுகிறேன் என்றாள்.

அண்ணன்

அண்ணி எழுதறது: வலது கண்ணு நல்லாத் தெரியுது. நீ கேட்டு ரெண்டு மாசம் ஆகியும் பதில் போடலை, மனசுல வெச்சுக்காதே. உன் அண்ணன் வர்ற நேரத்தை காலண்டர்ல குறிச்சுட்டு வர்றேன், அவருக்குத் தெரியாது. முதல் வாரம் ஒரு நாள் நாலே கால், ஒரு நாள் நாலு பத்து. நான் ஒண்ணும் சொல்லலை. போன வாரம் நாலு அடிச்சு ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகலை. நேத்து மழை, அப்பவும் நாலு. இதுவரைக்கும் இருபத்திரண்டு நாள் ஆச்சு. உங்க ஆபீஸ் முறைப்படி எத்தனை நாள் பார்த்தா நம்பலாம்னு எனக்கு மட்டும் எழுது.